பேச்சியம்மா நல்லா இருக்கட்டும்

சித்த நவுந்து உக்காரு கண்ணு, பையை மடியில வெச்சுக்கிறேன். பெருமாநல்லூர் தாண்டிப் போற பஸ்ஸுதானே இது? கண்டக்டரைக் கேட்டா மூஞ்சியைத் திருப்பிக்கிறான். போச்சாது வுடு, ஏறியாச்சு.

நீ எங்க, கம்பெனிக்கா? கழுத்துல அட்டை தொங்குதே, அதான் கேட்டேன். நானும் கம்பெனிக்குத்தான். இன்னைக்கு மொத நாளு. சிரிக்காதே. இந்த வயசுல மொத நாளான்னு நீ நினைக்கிறது தெரியுது. செக்கிங் டேபிள்லயே தலை நரைச்சவ நான். பனியனை விரிச்சுப் போட்டாப் போதும், எங்க ஓட்டை, எங்க கறை, எங்க தையல் விட்டிருக்குதுன்னு என்ற கண்ணு தானாப் போய் அங்க நிக்கும். ஷேடு பார்க்கிறதுல கேட்கவே வேண்டாம். உடம்புத் துணி ஒரு சாயம், காலர்த் துணி ஒரு சாயம்னு துளி மாறி வந்தாலும் உக்காந்த எடத்துலயே சொல்லீருவேன். மத்தவிங்க எல்லாம் ஜன்னலுக்கும் டியூப்லைட்டுக்கும் பீஸைத் தூக்கீட்டு ஓடுவாங்க.

அப்படிப்பட்டவளை ஒரு நாள் காலையில கேட்லயே நிறுத்தீட்டாங்க. வாட்ச்மேன் சொல்றாரு, "கார்டு தேய்க்க வேண்டாமாம்க்கா, எல்லாரும் கேண்டீனுக்குப் போகோணுமாம்." எங்களுக்கு ஒரே குஷி. முதலாளி பொண்ணுக்கு அந்த வாரம்தான் நிச்சயம் ஆயிருந்துது. லட்டு குடுக்கப் போறாங்கன்னு நினைச்சுப்போட்டோம். சில பேரு கையக் கழுவீட்டே வந்து நின்னாளுங்க, பாத்துக்க. கடைசில ஆபீஸ்ல இருந்து ஒரு சின்னப் பையன் வந்து சேர் மேல ஏறி நின்னு, ஆர்டர் கம்மியாப் போச்சு, செக்கிங் செக்சனை இன்னையோட மூடறோம், கணக்கு முடிச்சு வாங்கிக்குங்கன்னு சொல்றான். எங்க மூஞ்சியைக் கூடப் பார்க்கலை. செவுத்தைப் பார்த்துச் சொல்லீட்டு எறங்கிப் போயிட்டான்.

ஒருத்தி அழுவுறா, ஒருத்தி முதலாளியைத் திட்டுறா. நான் கல்லு மாதிரி நிக்கிறேன். அப்பத்தான் என்ற பக்கத்துல நின்னவ சொல்றா, "ஏங்க்கா, அப்ப லட்டு இல்லையா?"

அத்தனை பேரும் அழுதுட்டே சிரிச்சுப்போட்டாங்க. வேலை போன வெசனம் கூட எனக்கு அப்புறம்தான் வந்துது கண்ணு. இவளால எப்படிச் சிரிக்க முடியுது, அதுதான் மொதல்ல எரிஞ்சுது.

அவதான் பேச்சியம்மா. உசிலம்பட்டிப் பக்கம். புருசனோட திருப்பூர் வந்து, அந்தாளு வேற எங்கியோ போயிட்டான், இவ இங்கியே தங்கீட்டா. மொத மொதல்ல கம்பெனிக்குள்ள வந்தப்ப பீஸை எந்தப் பக்கம் திருப்பறதுன்னு தெரியாது. கையைப் பிடிச்சுச் சொல்லிக் குடுத்தது நான். ஓட்டை, கறை, தையல் எல்லாம் சீக்கிரமாப் புடிச்சுக்கிட்டா, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஷேடு மட்டும் அவளுக்கு வராது. கருநீலத்தையும் கருப்பையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா அவ கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். பழக்கமில்லாம இல்ல, கண்ணே அப்படி. இது வெளிய தெரிஞ்சா செக்கிங்ல வெச்சிருப்பாங்களா? அதனால எங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு. ஒட்டுக்கா ஒரே டேபிள்ல உக்காருவோம். சந்தேகமான பீஸு வந்தா முழங்கையால என்னை ஒரு இடி இடிப்பா. நான் தலையத் தூக்காம "ஒண்ணு"ன்னோ "வேற"ன்னோ முணுமுணுப்பேன். அவ்ளதான். இத்தனை வருசத்துல சூப்பர்வைசருக்கே தெரியாது.

அவ எனக்கு என்ன செஞ்சான்னு கேக்கறயா? பெருசா ஒண்ணுமில்லை. ஆல்டர் பீஸு இருக்குதே, தையல் சரியில்லைன்னு டெய்லருக்கே திருப்பிக் குடுக்கிறது, அதை மட்டும் அவ கொண்டு போவா. நான் போனா சண்டை வரும். நான் உள்ளதைச் சொல்லுவேன், கண்ணு தெரியலையான்னு கேப்பேன், அவனுகளுக்குப் பொறுக்காது. இவ போய் "ஏண்ணே, இந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு வெள்ளைக்காரன் பொண்ணு பார்க்கப் போக வேண்டாமா, இப்பிடி வாயப் பொளந்துக்கிட்டு இருக்கே"ம்பா. அவனுக சிரிச்சுக்கிட்டே பிரிச்சுத் தைப்பானுக. இளிச்சாக் காரியம் நடக்குது. அதெல்லாம் ஒரு வேலையா?

வேலை போனதும் வூட்ல உக்காந்து உக்காந்து எனக்குப் பைத்தியம் புடிக்கிற மாதிரி ஆயிருச்சு. எங்க வீதியில ஒரு அம்மா, கல்யாண மண்டபத்து மாடியில நற்பண்பு வகுப்பு நடக்குது, வாங்கன்னு கூட்டீட்டுப் போனாங்க. லலிதாம்மான்னு ஒருத்தர் நடத்தறாங்க. வேலை போனாலும், சொத்து போனாலும், நம்ம நெறி போகக் கூடாது, அதைப் புடிச்சுக்கிட்டா மனசு ஆடாதுன்னு சொன்னாங்க. எனக்கு அது சுருக்குன்னு புடிச்சுப்போச்சு. பொய் சொல்லக் கூடாது. அடுத்தவிங்களோட நம்மளை ஒப்பிடக் கூடாது. அப்புறம் ஒண்ணு சொன்னாங்க, அதுதான் கஷ்டம். நமக்கு ஆகாதவிங்க யாரோ அவிங்களைத் தெனமும் காலையில பேர் சொல்லி வாழ்த்தோணும். கண்ணை மூடிக்கோங்க, அந்த ஒருத்தரை நினைச்சுக்கோங்கன்னாங்க. எனக்கு ஆகாதவிங்கன்னு யாருமே இல்லீங்களேன்னு சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். வாய் அதுபாட்டுக்கு "பேச்சியம்மா"ங்குது.

பொறாமையான்னு கேக்காதே. பொறாமைப்பட அவகிட்ட என்ன இருக்குது? ஒத்த ரூமு, ஒரு ஸ்டவ்வு. அப்ப அவளுக்கும் வேலை இல்லை, எனக்கும் வேலை இல்லை. அதனால வாழ்த்தறதுக்கு லேசா இருந்துது. "பேச்சியம்மா நல்லா இருக்கட்டும், பேச்சியம்மா நல்லா இருக்கட்டும்"னு காலையில குளிச்சுப்போட்டுச் சாமி முன்னால நின்னு சொல்லுவேன். மனசு எளகி ஒரு தடவை எனக்குக் கண்ணீரே வந்துது. வகுப்புல கூட லலிதாம்மா என்னைக் காமிச்சு, இவங்களைப் பாருங்கன்னு சொன்னாங்க.

அப்புறம் அவளுக்கு வேலை கெடைச்சுப்போச்சு.

வேலைன்னா செக்கர் வேலை இல்லை கண்ணு. செக்கிங் சூப்பர்வைசர்! புதுக் கம்பெனி, பெருமாநல்லூர் தாண்டி. போன்ல சொல்றா, "அக்கா, என்னையப் போயி சூப்பர்வைசராப் போட்ருக்காங்கக்கா"ன்னு விழுந்து விழுந்து சிரிக்கிறா. நல்லதுன்னு சொல்லி வெச்சேன். என்ற கையப் புடிச்சு எழுந்தவ, கருநீலத்துக்கும் கருப்புக்கும் வித்தியாசம் தெரியாதவ, சூப்பர்வைசர்! நான் அடுப்படியில உக்காந்து வெங்காயம் உரிக்கிறேன்.

அடுத்த நாள் காலையில சாமி முன்னால நிக்கிறேன், வாய் வர மாட்டேங்குது. "பேச்சியம்மா..."ங்கிறேன், அதுக்கு மேல ஓடலை. நெறின்னா நெறி, விடக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுட்டு, "பேச்சியம்மாவுக்கு உடம்பு நல்லா இருக்கட்டும்"னு சொல்லிப் பார்த்தேன். அது வந்துது. உடம்பு மட்டும். அதுவும் நாளாக நாளாக, "பேச்சியம்மாவுக்குக் காய்ச்சல் வராம இருக்கட்டும், அந்தக் கம்பெனியில யாரும் அவளை நாலு பேரு முன்னால திட்டாம இருக்கட்டும், அவ ஷேடு பார்க்கத் தெரியாம மாட்டிக்காம இருக்கட்டும்"னு நீண்டுட்டே போச்சு. என்ற வூட்டுக்காரரு சேவிங் பண்ணீட்டு இருந்தவரு, சோப்பு மூஞ்சியோட திரும்பிப் பார்த்து, "ஏம்மணி, நீ வாழ்த்துறயா, சாபம் வுடறயா?"ன்னு கேக்கறாரு. அவருக்கு என்ன தெரியும் இதப்பத்தி. ஒரு நாள் வகுப்புக்கு வந்திருக்காரா?

ஒரு ஞாயித்துக்கிழமை அவளே வூட்டுக்கு வந்துட்டா. கையில மல்லிப்பூ. புதுச் சேலை, ஆனா ரவிக்கை அதுக்குச் சேரவே இல்லை, ஷேடு மாறிக் கெடக்குது. எனக்கு அதப் பார்க்கச் சித்த நிம்மதியா இருந்துது. உள்ள வந்து உரிமையாக் கீழ உக்காந்து, ரசம் ஊத்துங்கக்கான்னு கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. சாப்பிட்டுக் கையக் கழுவாமயே சொல்றா, "அக்கா, நீங்க வந்துருங்க. நம்ம செக்சன்ல ஒரு எடம் கேட்டு வச்சிருக்கேன். நீங்க இல்லாம எனக்கு முடியாதுக்கா."

நம்ம செக்சனாமா! கேட்டயா? நான் போயி இவ கிட்ட லீவு கேக்கோணும். இவ வந்து என்ற டேபிள் முன்னால நின்னு, இன்னும் ஏன் முடியலைன்னு கேப்பா. நான் அதெல்லாம் வெளிய சொல்லலை. அமைதியாத்தான் சொன்னேன். "பேச்சி, சிபாரிசுல ஒரு எடத்துக்குப் போறது தப்பு. தகுதியான வேற ஒருத்தரோட சோத்தைப் புடுங்கற மாதிரி. எங்க வகுப்புல சொல்லியிருக்கறாங்க."

வகுப்புல சொல்லலை. ஆனா கேட்டாச் சொல்லுவாங்க. அதனால அது பொய்யில்லை.

அவ என்னையே பார்த்தா. "உங்களை விடத் தகுதியான ஆளு திருப்பூர்ல யாருக்கா இருக்கா?"ன்னா. ஐஸ் வெக்கிறா பாருன்னு நினைச்சுக்கிட்டேன். வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து, மறந்துட்டேன்னு அந்தப் பூவை என்ற தலையில வெச்சு வுட்டுட்டுப் போனா. அவ போனதும் வூட்டுக்காரரு கேக்கறாரு, "உனக்கு வேலை வேண்டாமா, இல்ல அவ குடுக்கிற வேலை வேண்டாமா?" நான் எச்சித் தட்டை எடுத்துட்டுக் கழுவப் போயிட்டேன். கோபத்துல பேசக் கூடாதுன்னு வகுப்புல நெசமாவே சொல்லியிருக்கறாங்க.

ஆனா கண்ணு, வேலை இல்லாம இருக்கிறது இருக்குதே, அது உனக்குத் தெரியக் கூடாது. காலையில கம்பெனிச் சங்கு ஊதும். வீதியில பொம்பளைக எல்லாம் சோத்து டப்பாவைத் தூக்கீட்டு ஓடுவாளுங்க. நான் வாசல் கூட்டற மாதிரி நின்னுட்டு ஒவ்வொருத்தியையும் பார்ப்பேன். அவ பையி, அவ அட்டை, அவ அவசரம். அந்த அவசரம் கூட எனக்கு இல்லையேன்னு வயிறு எரியும். மத்தியானம் நானே ஒரு டப்பாவுல சோத்தைப் போட்டு மூடி வெச்சு, அப்புறம் தொறந்து சாப்புடுவேன். கிறுக்குன்னு நினைக்காதே.

அப்படி இருக்கறப்பத்தான் போன் வந்துது. அந்தக் கம்பெனி மேனேஜர், குணசேகரன்னு பேரு. மரியாதையான ஆளு. "திலகமணி அம்மாங்களா? பேச்சியம்மா உங்ககிட்டத்தான் தொழில் கத்துக்கிட்டதாச் சொன்னாங்க. அவங்களைப் பத்தி நீங்க என்ன நினைக்கறீங்க?"ன்னு கேட்டாரு.

நான் என்ன பண்ணுவேன், சொல்லு. பொய் சொல்லக் கூடாதுன்னு எடுத்துக்கிட்டவ நான். நல்ல பொம்பளைங்க, நாணயமானவங்கன்னு சொன்னேன். அது உண்மைதானே. அதோட நிறுத்தியிருக்கலாம். ஆனா பாதி உண்மையும் பொய்யுன்னு லலிதாம்மா சொல்லியிருந்தாங்க. அதனால சொன்னேன், "ஆனா ஒண்ணுங்க. அவளுக்கு ஷேடு தெரியாதுங்க. கருநீலமும் கருப்பும் அவளுக்கு ஒண்ணுதாங்க. இத்தனை வருசமும் நான் பக்கத்துல உக்காந்து சொல்லித்தான் ஓட்டினா. உங்க சரக்கு கெட்டுப்போயிரக் கூடாதுன்னுதாங்க சொல்றேன்." சொல்லி முடிச்சதும் நெஞ்சுல இருந்த பாரமெல்லாம் எறங்கி, தலை முழுகின மாதிரி இருந்துது. உண்மைக்கு அப்படி ஒரு குணம்.

அவரு பூராத்தையும் கேட்டுக்கிட்டாரு. அப்புறம் சொல்றாரு, "அதை அந்தம்மாவே வந்த அன்னிக்கே சொல்லீட்டாங்களேம்மா."

எனக்குக் காதுல வுழுந்தது சரிதானான்னு தெரியலை.

"டெய்லருங்களைச் சமாளிக்க எனக்கு வரும், ஷேடு எனக்கு வராது, அதுக்கு எங்கக்கா இருக்காங்க, அவங்களையும் சூப்பர்வைசராவே போடுங்க, ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் ஒரு ஆளுன்னு சொன்னாங்க. நீங்க ரெண்டு பேரும் ஒத்துப் போவீங்களான்னு தெரிஞ்சுக்கத்தான் கூப்பிட்டேன்"ங்கிறாரு. அப்புறம், "சரிங்கம்மா, யோசிச்சுச் சொல்றோம்"னு வெச்சுட்டாரு.

பார்த்தயா கண்ணு? உண்மை சொல்றதுல கூட அவ என்னை முந்தீட்டா! எந்த வகுப்புக்கும் போகாதவ! நெறியும் தெரியாது ஒண்ணும் தெரியாது, போன அன்னிக்கே தன்ற குறையைத் தானே எடுத்து மேசை மேல வெச்சிருக்கறா. வூட்டுக்கு வந்தாளே, ரசம் குடிச்சாளே, எனக்கும் சூப்பர்வைசர் எடம்னு ஒரு வார்த்தை சொன்னாளா? சொல்லியிருந்தா நான் வேண்டாம்னிருப்பேனா? சரி, நான்தான் அவளைப் பேச வுடலை. இருந்தாலும் சொல்லியிருக்கோணுமில்ல?

அதுக்கப்புறம் அந்த ஆளு கூப்பிடவே இல்லை. நானும் எதிர்பார்க்கலை. எதுக்கும் இருக்கட்டும்னு குளிக்கப் போறப்பக் கூடப் போனை எடுத்துட்டுப் போயி ஜன்னல் மேல வெச்சுக்குவேன். வாழ்த்தறதையும் நிறுத்தீட்டேன். லலிதாம்மா கேட்டாங்க, இப்ப எல்லாருமே எனக்கு ஆனவிங்கதாங்க, வாழ்த்த ஆளில்லைன்னு சொல்லீட்டேன்.

போன வாரம் வகுப்பு முடிஞ்சு மாடிப்படி எறங்கறேன். கீழ பேச்சியம்மா நிக்கிறா. வேலை வுட்டு நேரா வந்திருக்கறா, சேலையெல்லாம் பஞ்சு. கைப்பிடியைப் புடிச்சுட்டு நடுப்படியிலயே நின்னுட்டேன். பின்னால வர்றவிங்க எல்லாம் ஒதுங்கி ஒதுங்கிப் போறாங்க.

"மேனேஜர் சார் சொன்னாருக்கா, நீங்க என்ன சொன்னீகன்னு"ங்கிறா.

திட்டட்டும்னு நின்னேன். நாலு பேரு பார்க்க, மண்டபத்து வாசல்ல, என்ற வகுப்புக்காரிங்க முன்னால கத்தட்டும்னு நின்னேன். அவ சொல்றா, "நான் அவர்ட்டச் சொல்லிப்புட்டேன். பாத்தீகளா சார், கூடப் பொழங்குன என் ஒருத்திக்காகக்கூட எங்கக்கா பொய் சொல்ல மாட்டாக. உங்க சரக்குக்கா பொய் சொல்லுவாக? இப்பிடி ஒரு ஆளு செக்கிங்குக்குக் கெடைக்குமா உங்களுக்குன்னு கேட்டேன். மனுசன் யோசிக்கிறேன்னாரு. இன்னைக்கு ஒத்துக்கிட்டாரு. திங்கக்கெழமை வந்துருங்கக்கா."

இவ கேலி பண்றாளா, நெசமாச் சொல்றாளான்னு அவ மூஞ்சியை உத்து உத்துப் பார்த்தேன். தெருவெளக்கு வெளிச்சத்துல ஒரு பீஸை விரிச்சுப் போட்ட மாதிரி அங்குலம் அங்குலமாப் பார்த்தேன் கண்ணு. ஒரு ஓட்டை இல்லை, ஒரு கறை இல்லை. எனக்கு வந்துது பாரு கோபம், சாமி! என்னை மன்னிக்கச் சொல்லி யாரு இவளைக் கேட்டாங்க? நான் என்ன தப்புப் பண்ணினேன், மன்னிக்கிறதுக்கு? உண்மையைத்தானே சொன்னேன்! அதைத்தானே அவளும் சொல்றா! அப்புறம் ஏன் எனக்கு அந்தப் படியில நின்னுட்டுக் கண்ணுல தண்ணி வந்துது?

வரலைன்னு சொல்லலாம்னுதான் இருந்தேன். ஞாயித்துக்கிழமை பூராவும் அதையேதான் சொல்லிப் பார்த்தேன். இன்னைக்கு வெடியக்காலம் சங்கு ஊதுச்சு. வீதியில பொம்பளைக ஓடறாளுங்க. கையி அதுபாட்டுக்கு டப்பாவுல சோத்தை அமுக்குது. வூட்டுக்காரரு ஒண்ணுமே கேக்காம பஸ் ஸ்டாப் வரைக்கும் வண்டியில கொண்டாந்து வுட்டாரு.

பெருமாநல்லூர் வந்துருச்சா? அடுத்த ஸ்டாப்புதான் எனக்கு. கேட்லயே நிப்பா, எனக்குத் தெரியும். "அக்கா"ன்னு ஓடி வந்து கையப் புடிச்சுக்குவா. அத்தனை பேருகிட்டயும் எங்கக்கா எங்கக்கான்னு காமிப்பா. மத்தியானம் முழங்கையால இடிப்பா, நானும் சொல்லுவேன். அதெல்லாம் ஒண்ணுமில்லை கண்ணு, அதெல்லாம் பழக்கம்தான்.

ஒரே ஒரு வார்த்தை அவ என்னைக் கேட்டான்னாப் போதும். "ஏங்க்கா, இப்பிடிப் பண்ணுனீங்க?"ன்னு ஒரே ஒரு தடவை, மூஞ்சியைக் கடுகடுன்னு வெச்சுட்டுக் கேட்டுப்போட்டான்னா, நானும் அவளும் சரிக்குச் சரி ஆயிருவோம். தலை நிமுந்து அந்த டேபிள்ல உக்காந்துக்குவேன்.

கேக்க மாட்டா. எனக்குத் தெரியும், அவ கேக்கவே மாட்டா. சித்த கால மடக்கு கண்ணு, நான் எறங்கோணும்.